சூப்பர்நோவா நியூட்ரினோவை வைத்துக் கரும்பொருளைச் சோதிப்பது எப்படி: 1987ஏ தரவில் ஒரு முழுக் கணக்கு

எதனோடும் அரிதாகவே மோதும் நுண்துகளான நியூட்ரினோவும், ஒளியே விடாத கரும்பொருளும் (dark matter) ஒன்றோடொன்று மோதுமா? மோதினால் எவ்வளவு அடிக்கடி? 1987ஏ என்ற சூப்பர்நோவாவிலிருந்து (வெடித்த விண்மீன்) 1987 பிப்ரவரி 23 அன்று பூமிக்கு வந்து, கருவிகளில் பதிவான இருபத்துச் சொச்ச நியூட்ரினோக்களை வைத்தே இதற்கு ஒரு மேல்வரம்பு சொல்லிவிடலாம். ஒரு மாலைப்பொழுதில் முடிகிற கணக்குதான். ஆனால் புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தலைகீழான வரிசையில் தொடங்கி, கடைசியில் கிடைக்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரியாமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

தொடங்கும் முன் வேண்டியவை

பைத்தான் இருந்தால் நல்லது. எக்செல் போதும். தொகையிடல், இயற்கை மடக்கை, பாய்சான் பரவல் ஆகியவை பழகியிருக்க வேண்டும். குவாண்டம் புலக்கோட்பாடு இந்தக் கணக்குக்குத் தேவையில்லை.

அலகுகளை இப்போதே ஒரு தாளில் எழுதி முன்னால் ஒட்டிவிடுங்கள். 1 கிலோபார்செக் என்பது 3.086 × 10²¹ செ.மீ. 1 எம்இவி (மெகா எலக்ட்ரான் வோல்ட், துகள்களின் ஆற்றலையும் நிறையையும் அளக்கும் அலகு) என்பது 1.602 × 10⁻⁶ எர்க். 1 ஜிஇவி என்பது 1000 எம்இவி. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றும். ஆனால் வெளியான வரம்புகளில் பாதி எம்இவிக்கும் மீதி ஜிஇவிக்கும் எழுதப்பட்டிருக்கும். நானே ஒருமுறை இரண்டையும் குழப்பி, எல்லோரையும் ஆயிரம் மடங்கு முந்திவிட்டதாக அரை நாள் மகிழ்ந்திருக்கிறேன்.

1. எந்த 1987ஏ வரம்பு என்று முடிவு செய்யுங்கள்

'1987ஏ வரம்பு' என்ற பெயரில் இரண்டு வேறு வாதங்கள் உலவுகின்றன. ஒன்று குளிர்தல் வாதம்: வெடிப்பின் மையத்திலேயே புதிய துகள்கள் உண்டாகி ஆற்றலைத் தூக்கிக்கொண்டு ஓடினால், நியூட்ரினோ வீச்சு பத்து விநாடி நீடித்திருக்காது. மற்றொன்று பயண வாதம்: மையத்திலிருந்து கிளம்பிய நியூட்ரினோக்கள் வரும் வழியில் கரும்பொருளில் மோதிச் சிதறியிருந்தால், இங்கே வந்து சேர்ந்திருக்காது.

நாம் செய்யப்போவது இரண்டாவது. முதல் வாதத்துக்கு விண்மீன் மையத்தின் அடர்த்தி, வெப்பநிலை எல்லாம் வேண்டும். இரண்டாவதுக்கு வழியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒட்டி 'மொத்த வரம்பு' என்று எழுதுபவர்கள் உண்டு. அனுமானங்கள் வேறு என்பதால் அந்தக் கோடுகளைத் தனித்தனியாகவே வைத்திருங்கள்.

2. தரவை உள்ளிடுங்கள், ஆனால் கலக்காதீர்கள்

ஜப்பானின் கமியோகாண்டே-2 கருவியில் 12 நிகழ்வுகள் பதிவாகின. அவற்றில் ஆறாவது, 6.3 எம்இவி ஆற்றலோடு மிக மங்கலாக இருந்ததால், வழக்கமாக விலக்கப்படுகிறது. மிச்சம் 11. முதலாவது 20 எம்இவி, மிக வலுவானது 35.4 எம்இவி, கடைசி நிகழ்வு முதலாவதிலிருந்து 12.4 விநாடி கழித்து. அமெரிக்காவின் ஐ.எம்.பி. கருவியில் 8 நிகழ்வுகள், 5.6 விநாடிக்குள், 19 முதல் 39 எம்இவி வரை. சோவியத் பக்ஸானில் 5.

இங்கே மூன்று இடங்களில் கால் வழுக்கும்.

முதலாவது, நேரம். கமியோகாண்டேயின் கடிகாரத்தில் ஒரு நிமிடம் வரை பிழை இருந்தது. ஐ.எம்.பி. கடிகாரம் மில்லி விநாடிக் கணக்கில் துல்லியம். இரண்டையும் ஒரே நேர அச்சில் போடாமல், ஒவ்வொரு கருவியின் முதல் நிகழ்வையும் அதற்கான பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஆற்றல். ஐ.எம்.பி. நிகழ்வுகள் எல்லாமே வலுவாக இருப்பதைப் பார்த்து 'இரண்டு கருவிகளும் முரண்படுகின்றன' என்று சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். ஐ.எம்.பி.க்கு 20 எம்இவிக்குக் கீழே பார்வை மங்கல். போதாக்குறைக்கு அன்று மின்வழங்கிக் கோளாறால் அதன் ஒளிக்குழாய்களில் கால் பங்கு வேலை செய்யவில்லை. கருவியின் கண் எவ்வளவு கூர்மை என்று கணக்கில் சேர்க்காமல் நிறமாலையை ஒப்பிடுவதில் பொருளில்லை.

மூன்றாவது, மோன் பிளாங் சுரங்கக் கருவி. அதில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் முன்னதாக ஒரு கொத்து பதிவானது. மற்றக் கருவிகளின் வீச்சோடு அது பொருந்தாது. இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதல் சுற்றுக்குக் கமியோகாண்டேயின் 11 மட்டும் போதும்.

3. மோதலே இல்லையென்றால் எத்தனை வந்திருக்கும்?

வரம்பைத் தேடும் முன் இந்த எண் கையில் இருக்க வேண்டும். வர வேண்டியது எத்தனை என்று தெரியாமல் வராதது எத்தனை என்று சொல்ல முடியாது அல்லவா?

சூப்பர்நோவா வெளிவிடும் மொத்த ஆற்றல் சுமார் 3 × 10⁵³ எர்க். ஆறு வகை நியூட்ரினோக்களும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று வைத்தால், எதிர் எலக்ட்ரான் நியூட்ரினோவின் பங்கு 5 × 10⁵² எர்க். சராசரி ஆற்றல் 12 எம்இவி என்றால் எண்ணிக்கை 2.6 × 10⁵⁷. நம் அண்டை விண்மீன்மண்டலமான பெரிய மெகல்லானிய முகிலில் இருக்கும் 1987ஏக்கான தூரம் 51.4 கிலோபார்செக். அந்த ஆரமுள்ள கோளத்தின் பரப்பு 3.16 × 10⁴⁷ சதுர செ.மீ. வகுத்தால் பூமியில் ஒவ்வொரு சதுர செ.மீ. வழியாகவும் 820 கோடி.

எதிர் எலக்ட்ரான் நியூட்ரினோ நீரிலுள்ள புரோட்டானில் மோதினால் ஒரு பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) வெளிவரும். கருவி பிடிப்பது இந்த வினையைத்தான். கமியோகாண்டேயில் பயன்பட்ட நீர் 2,140 டன். ஹைட்ரஜன் அணுக்கருக்களாக அதிலிருக்கும் புரோட்டான்கள் 1.43 × 10³². ஆக்சிஜனுக்குள் கட்டுண்ட புரோட்டான்களைச் சேர்த்துவிடாதீர்கள், அவை இந்த வினையில் கிட்டத்தட்டப் பங்கேற்பதில்லை.

அடுத்தது குறுக்குப் பரப்பு, அதாவது ஒவ்வொரு புரோட்டானும் நியூட்ரினோவுக்குக் காட்டும் இலக்கின் அளவு. 9.5 × 10⁻⁴⁴ சதுர செ.மீ.யை எம்இவியில் உள்ள பாசிட்ரான் ஆற்றலின் இருமடியால் பெருக்குங்கள். நியூட்ரினோ ஆற்றலில் 1.3 எம்இவியைக் கழித்தால் பாசிட்ரான் ஆற்றல் வரும்.

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான். சராசரி 12 என்பதால் 12லிருந்து 1.3ஐக் கழித்து இருமடியாக்கி 114 என்று போட்டுவிடுகிறார்கள். சராசரியின் இருமடி வேறு, இருமடியின் சராசரி வேறு. சூப்பர்நோவா நிறமாலையின் வழக்கமான வடிவத்துக்குச் சரியான எண் சுமார் 158. புரோட்டான் பின்னடைவுக்காக ஏறக்குறைய பத்திலொரு பங்கைக் குறைத்தால் சராசரிக் குறுக்குப் பரப்பு 1.35 × 10⁻⁴¹ சதுர செ.மீ.

மூன்றையும் பெருக்குங்கள். விடை 16. வந்தது 11. கருவியின் பார்வைத்திறன் நூறு சதவீதம் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல பொருத்தம். உங்களுக்கு 1.6 அல்லது 160 வந்தால் மேலே போகாதீர்கள், அலகுத் தாளுக்குத் திரும்புங்கள்.

4. ஒருமுறை மோதினால் தொலைந்ததா என்று சரிபாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம். மோதிய நியூட்ரினோவும் கொஞ்சம் திரும்பி எப்படியோ பூமிக்கு வந்துவிடாதா, ஒரு திசையில் இழந்ததை இன்னொரு திசையிலிருந்து சிதறி வருவது ஈடுகட்டாதா என்று யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

பதில் தாமதத்தில் இருக்கிறது. நடுவழியில் சிறு கோணம் விலகிய நியூட்ரினோவின் பாதை, நேர்ப்பாதையை விட நீளம். கூடுதல் நேரம் என்பது, நேர்ப்பயண நேரத்தைக் கோணத்தின் இருமடியால் பெருக்கி எட்டால் வகுத்தால் வருவது (கோணம் ரேடியனில்). நேர்ப்பயணமே 1,68,000 ஆண்டு, அதாவது 5.3 × 10¹² விநாடி. வெறும் ஒரு ஆர்க்செகண்ட் (டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) விலகினாலே 15 விநாடி தாமதம். ஒரு டிகிரி விலகினால் ஆறு ஆண்டுக்கு மேல்.

சிதறியவை ஈடுகட்டி வரத்தான் செய்யும், ஆனால் ஆண்டுக் கணக்கில், ஆயிரம் ஆண்டுக் கணக்கில் பரந்துபோய். பத்து விநாடி வீச்சுக்குள் அவை இருக்காது. எனவே ஒரு மோதல் என்றால் ஒரு இழப்பு என்று எடுத்துக்கொள்வது நியாயமே.

கரும்பொருள் துகள் மிக லேசாக இருந்தால் நியூட்ரினோ கிட்டத்தட்ட நேராகவே போகுமே என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். ஆனால் அப்போது ஆற்றலை இழக்கும். 15 எம்இவி நியூட்ரினோ 1 எம்இவி எடையுள்ள துகளில் நேருக்கு நேர் மோதித் திரும்பினால் மிஞ்சுவது அரை எம்இவிக்கும் குறைவு. வினை தொடங்கவே 1.8 எம்இவி வேண்டும். 10 எம்இவி நியூட்ரினோ தன் ஆற்றலில் பாதியை இழந்தும் நேர வீச்சுக்குள் வரவேண்டுமானால், துகளின் நிறை எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் சில பங்கு அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது.

5. வழியில் எவ்வளவு கரும்பொருள்?

இங்கிருந்து மெகல்லானிய முகில் வரை ஒரு சதுர செ.மீ. குறுக்குவெட்டுள்ள குழாய் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதற்குள் இருக்கும் மொத்தக் கரும்பொருளே நமக்கு வேண்டிய எண்.

சூரியனுக்கருகே அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 0.4 ஜிஇவி என்று எடுத்து, 50 கிலோபார்செக்கால் பெருக்கி 20 என்று எழுதிவிடாதீர்கள். பால்வீதியின் மையத்தை விட்டு விலக விலக அடர்த்தி மளமளவென்று சரியும். கரும்பொருள் அடர்த்தி மையத்திலிருந்து எப்படிச் சரிகிறது என்பதற்கு வழக்கமாகப் பயன்படும் என்.எஃப்.டபிள்யூ. (NFW) வடிவத்தை எடுங்கள், அதன் அளவு ஆரம் (scale radius) 20 கிலோபார்செக், சூரியன் மையத்திலிருந்து 8.2 கிலோபார்செக். 1987ஏ இருக்கும் திசை பால்வீதி மையத்திலிருந்து ஏறக்குறைய 82 டிகிரி தள்ளி. அந்தக் கோட்டில் ஒவ்வொரு 5 கிலோபார்செக்குக்கும் மையத்திலிருந்து தூரத்தைக் கண்டுபிடித்து, அடர்த்தியைப் போட்டு, சிம்ப்சன் விதியால் கூட்டுங்கள். பதினோரு வரிசை போதும்.

தொடக்கத்தில் 0.4 ஆக இருக்கும் அடர்த்தி 20 கிலோபார்செக் தாண்டும்போது 0.08க்குக் கீழே போயிருக்கும், கடைசியில் 0.011. கூட்டுத்தொகை 5.6. செ.மீ.க்கு மாற்றினால் சதுர செ.மீ.க்கு 1.7 × 10²² ஜிஇவி. சீரான அடர்த்தி என்று நினைத்தவருக்கு மூன்றரை மடங்கு பொய் வலிமை கிடைத்திருக்கும்.

மெகல்லானிய முகிலுக்கும் சொந்தமாக ஒரு ஹாலோ (சுற்றியுள்ள கரும்பொருள் திரள்) உண்டு, அதையும் சேர்க்கலாமே? சேர்த்தால் எண் கூடும், வரம்பு இறுகும். நான் சேர்க்கமாட்டேன். அதன் நிறை பற்றிய மதிப்பீடுகள் இன்னும் பரந்து கிடக்கின்றன. தெரியாததை விட்டுவிட்டால் வரம்பு தளரும், ஆனால் யாரும் வந்து உடைக்க முடியாது. இந்தக் கணக்கு முழுவதிலும் ஐயம் வரும் இடமெல்லாம் வரம்பைத் தளர்த்தும் பக்கமே சாயுங்கள். அதே காரணத்தால் கடைசி எண்ணுக்கு 0.4க்குப் பதில் 0.3 வைத்துக்கொள்வோம். குழாயில் இருப்பது இப்போது 1.3 × 10²².

6. வரம்பை எடுங்கள்

சராசரி மோதல் எண்ணிக்கை என்பது கரும்பொருள் துகள் நியூட்ரினோவுக்குக் காட்டும் குறுக்குப் பரப்பை அந்தத் துகளின் நிறையால் வகுத்து, குழாயிலுள்ள மொத்தத்தால் பெருக்கியது. தப்பி வருபவற்றின் பங்கு அதற்கேற்ப அடுக்குக்குறியாகக் குறையும். குறுக்குப் பரப்பும் நிறையும் தனித்தனியாக வராது, அவற்றின் விகிதம் மட்டுமே வரும். கரும்பொருளின் எடை அளவு தெரியும், துகள் எண்ணிக்கை தெரியாது, அதனால்தான்.

இப்போது 16ஐயும் 11ஐயும் ஒப்பிட்டு 'மூன்றில் ஒரு பங்கு தொலைந்தது' என்று அறிவித்துவிடக் கூடாது. 16 என்பதே அனுமானம். மூல ஆற்றல் 5 × 10⁵³ எர்க் வரை இருந்திருக்கலாம் என்று தாராளமாக விட்டுக்கொடுங்கள். எதிர்பார்ப்பு 26 ஆகும். கருவியின் பார்வைத்திறனையும் நூறு சதவீதம் என்றே வையுங்கள். அதுவும் தளர்த்தும் பக்கம்தான். மறுபுறம், 11 நிகழ்வுகள் தற்செயலாகக் கூடுதலாக வந்திருக்கலாம். பாய்சான் கணக்கில் 95 சதவீத நம்பிக்கையோடு உண்மைச் சராசரியின் கீழெல்லை 6.2.

26ஐ 6.2ஆல் வகுத்து இயற்கை மடக்கை எடுத்தால் சுமார் 1.45. அதாவது சராசரியாக ஒன்றரை மோதலுக்கு மேல் நடந்திருக்க முடியாது. அதை 1.3 × 10²² ஆல் வகுத்தால் ஒரு ஜிஇவிக்கு 1.1 × 10⁻²² சதுர செ.மீ. எம்இவியில் எழுதினால் 1.1 × 10⁻²⁵. ஆய்வுக் கட்டுரைகளில் 1987ஏ பயண வரம்பாக எம்இவிக்கு 10⁻²⁵ என்று காண்பீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

எந்த வகை நியூட்ரினோவுக்கான வரம்பு இது? 'எதிர் எலக்ட்ரான் நியூட்ரினோவுக்கு மட்டும்' என்று எழுதுவது இயல்பான தவறு. கருவி பிடித்தது அந்த வகையைத்தான். ஆனால் விண்மீனை விட்டு வெளியேறியபின் அவை நிறை நிலைகளாக (திட்டமான நிறையுள்ள நிலைகளாக) பிரிந்து பயணிக்கின்றன, ஒவ்வொரு நிறை நிலையிலும் எலக்ட்ரான், மியூவான், டௌ ஆகிய மூன்று வகையும் கலந்திருக்கும். டௌ வகையோடு மட்டும் கரும்பொருள் உறவாடினாலும் சுவடு இங்கே தெரியும். எண் மட்டும் கலப்பு விகிதத்தைப் பொறுத்து மாறும்.

7. ஆற்றலைச் சொல்லாமல் வரம்பைச் சொல்லாதீர்கள்

முழுக் கணக்கிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். உங்கள் வரம்பு 10 முதல் 40 எம்இவி வரையுள்ள நியூட்ரினோக்களுக்கானது. அதைத் தலைப்பிலேயே எழுதுங்கள்.

காரணம்: அண்டவியலிலிருந்து வரும் வரம்பு மிக இறுக்கமானது. விண்மீன்மண்டலங்களுக்கிடையேயான வாயுவின் லைமன் ஆல்ஃபா தரவிலிருந்து (ஹைட்ரஜன் ஒளியை உறிஞ்சிய தடயங்கள்), மாறாத குறுக்குப் பரப்புக்கு ஒரு ஜிஇவிக்கு 10⁻³³ சதுர செ.மீ. என்ற வரம்பு கிடைத்திருக்கிறது. நம்முடையதை விடப் பத்தாயிரம் கோடி மடங்குக்கும் மேல் வலிமை. இதைப் பார்த்ததும் பலர் மனம் ஒடிந்து கணக்கை மூடிவிடுவார்கள்.

அவசரப்பட வேண்டாம். அண்டவியல் நியூட்ரினோக்கள் ஆற்றலில் மிகத் தாழ்ந்தவை. குறுக்குப் பரப்பு ஆற்றலின் இருமடியாக வளர்கிறது என்று வைத்தால், அதே தரவு இன்றைய நியூட்ரினோ வெப்பநிலைக்குத் தரும் வரம்பு 10⁻⁴⁵. இன்றைய நியூட்ரினோவின் சராசரி ஆற்றல் 0.0005 எலக்ட்ரான் வோல்ட். அங்கிருந்து 10 எம்இவிக்கு ஏற்றினால் இருமடி விகிதம் 10²⁰ஐத் தாண்டும். வரம்பு சில 10⁻²⁵ ஆகிவிடும். இடைவெளி சில நூறு மடங்காகச் சுருங்கிவிட்டது. இன்னும் வேகமாக வளரும் மாதிரிகளில் சூப்பர்நோவா முந்தும். எனவே யார் வலிமை என்பது உங்கள் மாதிரியைப் பொறுத்தது. மாதிரியைச் சொல்லாத ஒப்பீடு வெறும் எண் விளையாட்டு.

ஆற்றலோடு வளரும் மாதிரியை எடுத்தால் மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும். வலுவான நியூட்ரினோக்களே அதிகம் தொலையும் என்பதால் நிறமாலையின் மேல்முனை வெட்டுப்படும். ஒற்றை எண்ணை ஒப்பிடாமல் நிகழ்வு வாரியாகச் செய்யுங்கள். இரண்டாம் படியில் ஓரமாக வைத்த ஐ.எம்.பி. இங்கேதான் கை கொடுக்கும், 30 எம்இவிக்கு மேலே நிகழ்வுகள் அங்கே நிறைய.

8. அடுத்த வெடிப்புக்கு எதைத் தயார் செய்வது?

நம் விண்மீன்மண்டலத்திலேயே ஒன்று வெடித்தால் சூப்பர் கமியோகாண்டேயில் பல ஆயிரம் நிகழ்வுகள் வரும், வரம்பும் ஆயிரம் மடங்கு இறுகும் என்று எதிர்பார்ப்பார்கள். இறுகாது. பாய்சான் பிழை மறைந்தாலும் மூல ஆற்றலின் ஐயம் அப்படியே இருக்கும். 3க்கும் 5க்கும் உள்ள விகிதத்தின் மடக்கை 0.5. அதாவது 1.45 என்பது 0.5 ஆகும், அவ்வளவே. மூன்று மடங்குக்குக்கூட வராது.

எனவே மொத்த எண்ணிக்கையை நம்பாமல் வேறு கைப்பிடிகளைத் தேடுங்கள். முதல் சில பத்து மில்லி விநாடிகளில் வரும் எலக்ட்ரான் நியூட்ரினோ வீச்சை மாதிரிகள் நன்றாகவே ஒத்துக் கணிக்கின்றன. அதைப் பிடிக்கத் திரவ ஆர்கான் கருவியான டியூன் (DUNE) பொருத்தமானது. ஆற்றல் பட்டைகளுக்கிடையேயான விகிதங்கள் இன்னொரு கைப்பிடி, மூல ஆற்றல் அதில் அடிபட்டுப்போகும்.

மூன்றாவது கைப்பிடி, மோதிய மறுபக்கம். நியூட்ரினோ இடித்ததும் கரும்பொருள் துகள் கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் கிளம்பும், கருவியில் எலக்ட்ரானை உதைக்கும். எப்போது வந்து சேரும் என்பது அதன் நிறையைச் சொல்லிவிடும். மெகல்லானிய முகில் தூரத்தில் 15 எம்இவி நியூட்ரினோ முழு ஆற்றலையும் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நிறை 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்றால் நியூட்ரினோவுக்குப் பின் மூன்றே கால் மணி நேரம். 10 என்றால் பதினான்கு நாள். 1 எம்இவி என்றால் 350 ஆண்டு. தேடும் நேரச் சாளரத்தை முன்கூட்டியே குறித்துவையுங்கள், தரவைத் திறந்தபின் சாளரத்தை நகர்த்தினால் அது தேடலாகாது. மெதுவான துகள்கள் இதைவிடத் தாமதிக்கும் என்பதால் சாளரத்தின் பின்கதவு நீளமாக இருக்கட்டும்.

இதே சூத்திரத்தைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். தாமதம் 40 ஆண்டு என்றால் நிறை சுமார் 0.3 எம்இவி. அப்படி ஒரு துகள் இருந்து, 1987ஏயிலிருந்து முழு வேகத்தில் கிளம்பியிருந்தால், அது வந்துசேரும் ஆண்டு 2027 வாக்கில்.